கேலரியிலிருந்து ஒரு தலையசைப்பு

ஊரே பார்த்து முடித்த வீடியோவை அந்த வீட்டில் மட்டும் யாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கவில்லை. அவரவர் அறையில், கதவைச் சாத்தி, சத்தத்தை அடக்கி வைத்துத் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டார்கள். பார்த்ததாக ஒருவரிடம் ஒருவர் காட்டிக்கொள்ளவும் இல்லை.

போன வாரம் தவறவிட்டவர்களுக்காக அதை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம். ஹாக்கி அரையிறுதி ஆட்டம். பந்து எப்போதோ வேறு பக்கம் போய்விட்டது. கோடாலி என்று கேலரி கூவிக் கொண்டாடும் தற்காப்பு ஆட்டக்காரன், பந்தே இல்லாத எதிரணிக்காரர் மேல் பாய்கிறான். மட்டையின் பிடி உயர்கிறது. சின்ன உருவமும் சிட்டாய்ப் பறக்கும் கால்களுமாகக் குருவி என்று பெயரெடுத்த அந்த ஆட்டக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சுருண்டு விழுகிறார். அடுத்த நொடி கேமரா கேலரிப் பக்கம் திரும்புகிறது. அங்கே ஒருத்தி எழுந்து நின்று, உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டுகிறாள்.

அவள்தான் கோடாலியின் அக்கா.

கைதட்டியதை ஊர் பார்த்துவிட்டது. ஆனால் வீடியோவில் இல்லாத ஒன்று இருக்கிறது. அது அக்காவுக்கும் தம்பிக்கும் மட்டும் தெரியும். அதை அவர்கள் இருவரும்கூட இதுவரை வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை.

காலைச் சாப்பாட்டின்போது தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தான். மைதானத்தில்தான் அவன் கோடாலி. வீட்டில் அவன் நாற்காலியை இழுத்தால்கூடச் சத்தம் வராது.

“அக்கா, நாளைக்கு விசாரணையில உன் பேரையும் சாட்சியா கொடுத்திருக்காராம் நம்ம டீம் செயலாளர்.”

“என்னையா? நானா ஆடினேன்?”

“குருவியோட டீம்காரங்க அந்த வீடியோவைத்தான் காட்டப் போறாங்க. வேணும்னேதான் அடிச்சான், அவன் வீட்டு ஆளே எழுந்து நின்னு கொண்டாடுது பாருங்கன்னு. நீ கைதட்டினது நம்ம கீப்பர் பந்தைத் தடுத்ததுக்குன்னு சொல்லிட்டா அந்தப் பேச்சு அடங்கிடும்.”

“கீப்பர் எப்படா தடுத்தான்?”

“அதுக்கு முன்னாடி.”

“அது ரொம்ப முன்னாடி.”

தம்பி தண்ணீரை எடுத்துக் குடித்தான். “மட்டை வழுக்கிடுச்சுன்னு நான் சொல்லிடறேன். நீ இதைச் சொல்லிடு. ரெண்டும் சேர்ந்தா சில மாசத் தடையோட தப்பிச்சுக்கலாம். வேணும்னேன்னு முடிவாயிட்டா இனி ஆயுசுக்கும் மட்டையைத் தொட முடியாதுக்கா.”

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். அவர் வாழ்நாள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். யார் குறுக்கே வந்தாலும் ஹாரனில் கை வைத்துவிடுவது போலத்தான் பேச்சும் இருக்கும்.

“இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? விளையாட்டுன்னா அடி படத்தான் செய்யும். சீட்டாடவா போனாங்க ரெண்டு பேரும்? போய்ச் சொல்லிட்டு வா.”

சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார். செருப்பை மாட்டும்போது கை பழக்கத்தில் ஆணிப் பக்கம் போயிற்று. அணியின் தொப்பி அங்கே தொங்கியது. தூங்கும் நேரம் தவிர அந்தத் தொப்பியைக் கழற்றாத மனுஷன், இன்று அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெறுந்தலையோடு பின்பக்கத் தெரு வழியாக நடந்தார். முன்பக்கத் தெருவில் தெரிந்த முகங்கள் அதிகம்.

அக்கா அதைப் பார்த்தாள். பார்க்காதது போலப் பாத்திரத்தைக் கழுவினாள்.

பேருந்தில் அவளுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. முன் இருக்கையில் இரண்டு பேர், வேலைக்குப் போகிறவர்கள், கையில் சாப்பாட்டுப் பை.

“அவனெல்லாம் ஒரு ஆட்டக்காரனாடா? சரியான அடியாள்.”

“போன வருஷம் அவங்க ஆளைச் சாய்ச்சுக் கோலைக் காப்பாத்தினப்ப தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு ஆடினியே, அப்ப மட்டும் அவன் உன் மாமன் மகனா?”

“அது வேற. அப்ப நம்மாளை அடிச்சவனைத் திருப்பி அடிச்சான்.”

“அதே ஆளு, அதே மட்டை. என்ன, இந்தத் தடவை கேமரா பக்கத்துல இருந்துச்சு.”

“சரி விடு. நம்ம டீம்ல இருக்கறவரைக்கும் நம்ம அடியாள். போதுமா?”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் ஒருவன் சொன்னான்: “அவனைக்கூட விட்டுடலாம்டா. அந்த அக்காக்காரியைப் பார்த்தியா? என்னா தட்டு தட்டுறா! குடும்பமா அது, கொல்லன் பட்டறையா?”

அவள் பையைத் துழாவி, வேலையிடத்தில் போடும் முகமூடியை எடுத்துப் பேருந்திலேயே மாட்டிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த அம்மாள், “சளியா?” என்று கேட்டாள். “ஆமாம்” என்றாள்.

கைதட்டியதற்கே இப்படி. இன்னொன்று தெரிந்தால்?

அந்த இன்னொன்று பள்ளிக்கூட மைதானத்தில் ஆரம்பித்தது. அப்போது தம்பி நோஞ்சான். பெரிய பையன்கள் பந்தை விட்டுவிட்டு அவன் கணுக்காலைத்தான் அடிப்பார்கள். அவன் எல்லைக் கோட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்து அழுவான். அம்மா போய்ச் சேர்ந்துவிட்ட வீடு. அழுகிறவனைத் தூக்க அவளைத் தவிர ஆளில்லை. ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“அழுதா இன்னும் அடிப்பாங்கடா. நீயும் ஒண்ணு கொடு. கொடுக்கறதுக்கு முன்னாடி என்னைப் பாரு. நான் தலையாட்டினா கொடு. அப்புறம் வர்றதை நான் பாத்துக்கறேன்.”

அவன் பார்த்தான். அவள் தலையாட்டினாள். அதன்பிறகு அவன் கணுக்காலை யாரும் தொடவில்லை.

மைதானங்கள் மாறின, கேலரிகள் உயர்ந்தன. பழக்கம் மட்டும் மாறவில்லை. கை ஓங்குவதற்கு முன்னால் ஒரு கணம் தலையைத் தூக்கி மேலே பார்ப்பான். அவள் எந்த இருக்கையில் இருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். டெலிவிஷனில் வர்ணனை சொல்கிறவர்கள், ‘கோடாலி கடவுளை வேண்டிக்கொள்கிறார்’ என்று சொல்வார்கள். வீட்டில் அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அரையிறுதி அன்று குருவி இரண்டு முறை தம்பியின் கால்களுக்கிடையிலேயே பந்தைத் தள்ளிக்கொண்டு போய் கோல் போட்டார். கேலரி அவரை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்து ஊளையிட்டது. இவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்போது தம்பி மேலே பார்த்தான்.

அவள் தலை அசைந்தது. இல்லை. அசைத்தாள் என்பதுதான் சரி.

அவள் வேலை செய்யும் இடம் ஒரு பல் லேப். டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் சாந்து ஊற்றித் தாடை வார்த்து, அதற்குப் பொருத்தமாகப் பல் செய்து கொடுப்பது இவள் வேலை. அலமாரி நிறைய வெள்ளைத் தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் திடுக்கிடுவார்கள். இவளுக்கு அவை அக்கம்பக்கத்து வீட்டு முகங்கள் மாதிரி.

நேற்று வந்த ஒரு தாடை மட்டும் அப்படியில்லை. மேல்வரிசையில் முன்னால் மூன்று பல் இல்லை. டாக்டரே போன் செய்திருந்தார்.

“யாருக்குன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். புண் ஆறுற வரைக்கும் கழட்டி மாட்டற மாதிரி அவசரமா செய்யணும். உனக்குச் சங்கடமா இருந்தா வேற லேபுக்கு அனுப்பிடறேன்மா.”

“நானே செய்யறேன் சார்.”

“நீ யாருன்னு அவருக்குத் தெரியாது. சொல்றதும் சொல்லாததும் உன் பாடு.”

நன்றாகச் செய்து கொடுத்துவிட்டால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். மத்தியானம் அவரே பல்லின் நிறம் பொருத்திப் பார்க்க நேரில் வருவார் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

வந்தார். மைதானத்தில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தார். மேலுதட்டில் தையல் கறுப்பாகத் துருத்திக்கொண்டிருந்தது.

“ஜன்னல் பக்கம் பார்த்து உட்காருங்க. நல்ல வெளிச்சத்துல பார்த்தாதான் நிறம் சரியா தெரியும்,” என்றாள் முகமூடிக்குள்ளிருந்து. மாதிரிப் பற்கள் கோத்த கோர்வையை விசிறி போல விரித்தாள். “கொஞ்சம் சிரிங்க.”

“சிரிச்சு ரொம்ப நாளாச்சு மேடம்.” பல் இல்லாத இடத்தில் சொற்கள் காற்றாக வந்தன. அதற்கு அவரே சிரித்துவிட்டு, தையல் இழுக்கவும் உதட்டைப் பிடித்துக்கொண்டார்.

செல்போனை எடுத்து ஒரு படம் காட்டினார். அரையிறுதி தொடங்கும் முன் எடுத்தது. அணி முழுக்க வரிசையாக நிற்க, நடுவில் இவர் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இந்த ஒரு பல்லு பக்கத்துப் பல்லு மேல ஏறி உட்கார்ந்திருக்கு பாருங்க. அதே மாதிரி வேணும்.”

“நேராவே வெச்சுடலாமே. பார்க்க நல்லா இருக்கும்.”

“எனக்கும் ஆசைதான். ஆனா என் பொண்ணு கிட்டவே வரமாட்டேங்குது. இது எங்கப்பா இல்லேன்னு சொல்லிடுச்சு. கோணப்பல்லு வந்தாதான் என்னை வீட்டுல சேர்த்துக்குவா.”

அக்கா குனிந்து கோர்வையில் ஒரு பல்லைத் தேடினாள். அது கையிலேயே இருந்தது.

“நீங்க ஹாக்கி பார்ப்பீங்களா?”

“எப்பவாவது.”

“அப்ப கோடாலியைத் தெரிஞ்சிருக்குமே.”

“பேப்பர்ல பார்த்தேன்.”

“எல்லாரும் அவனைக் காறித் துப்பறாங்க. என்னால முடியல மேடம். ஏன் சொல்லுங்க? எங்க டீம்லயும் ஒருத்தன் அப்படி இருக்கான். அவன் யாரையாவது சாய்ச்சா நாங்கல்லாம் வேற பக்கம் பார்த்துக்குவோம். ஆட்டம் முடிஞ்சு பஸ்ல ஏறினா அவன் பக்கத்து சீட்டு காலியாதான் வரும். ஒருத்தனும் உட்கார மாட்டான். ஆனா அவனுக்குக் காய்ச்சல்னா எங்களுக்குத்தான் நடுக்கம். மைதானத்துல இறங்கவே கால் வராது. கோடாலி எங்க டீம்ல இருந்திருந்தா இந்நேரம் நானே அவனுக்குப் பரிஞ்சு பேசியிருப்பேன். வெளியில சொன்னா வெக்கக்கேடு.”

அவள் ஒரு பல்லை அவர் உதட்டோரம் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. அடுத்ததையும் சும்மா வைத்துப் பார்த்தாள்.

“ஒண்ணுதான் எனக்குப் புரியல,” என்றார் அவர். “அவன் கோவத்துல அடிச்சிருந்தா நான் மறந்திருப்பேன். நானும் ரெண்டு தடவை அவன் மானத்தை வாங்கினேன்தானே? ஆனா அவன் மூஞ்சியில கோவமே இல்ல. என் மேல வர்றதுக்கு முன்னாடி நின்னான். தலையைத் தூக்கிக் கேலரியில யாரையோ பார்த்தான். மேலதிகாரிகிட்ட உத்தரவு கேக்கற மாதிரி. அப்புறம்தான் வந்தான். வீடியோவுல அது விழல. கண்ணை மூடினா எனக்கு அடி ஞாபகம் வர்றதில்ல மேடம், அந்தப் பார்வைதான் வருது. அவன் யாரைப் பார்த்திருப்பான்?”

அவள் கை காதோரம் போயிற்று. முகமூடியின் நாடா விரலில் பட்டது. கொஞ்சம் இழுத்தால் போதும், முகம் தெரிந்துவிடும். வீடியோவில் ஊரே பார்த்த முகம்.

“வாயை அசைக்காதீங்க,” என்றாள். “நிறம் பார்க்கணும்.”

அவர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி சட்டென்று வாயை மூடி, பிறகு அவள் சொன்னபடி திறந்து, அசையாமல் உட்கார்ந்தார். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் கண்களில் நம்பிக்கையைத் தவிர வேறொன்றும் இல்லை. நிறத்தை அவள் எப்போதோ தேர்ந்தெடுத்து முடித்திருந்தாள்.

கிளம்பும்போது அவர் கேட்டார்: “நாளைக்குக் காலையில கிடைச்சுடுமா மேடம்? பதினோரு மணிக்கு விசாரணை. இப்படிக் காத்துப் பேச்சோட போய் நின்னா, ஐயோ பாவம்னு தீர்ப்பு சொல்லிடுவாங்க. எனக்கு அது வேணாம். நடந்ததை வெச்சு சொல்லட்டும்.”

“ஒன்பது மணிக்கு வாங்க. மாட்டிப் பார்த்துடலாம்.”

“நல்ல கை உங்களுக்கு. வலிக்கவே இல்ல,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயந்திரம் வரை அவள் எழுந்திருக்கவில்லை. மெழுகில் மூன்று பல்லையும் வரிசையாகப் பதித்தாள். இரண்டு ஒழுங்காக உட்கார்ந்தன. அந்தக் கோணப்பல் மட்டும் படியவில்லை. ஏற்றினால் அதிகம் ஏறியது, இறக்கினால் நேராகிவிட்டது. எத்தனையோ பேர் கோணலை நிமிர்த்திக் கொடுத்த கைக்கு, ஒருவருடைய கோணலை இருந்தபடி திருப்பிக் கொடுக்கத் தெரியவில்லை. படத்தை அனுப்பச் சொல்லி வாங்கி வைத்திருந்தாள். அதைப் பார்த்துப் பார்த்து, விளக்கில் மெழுகை இளக்கி இளக்கி, இருட்டும் நேரத்துக்குத்தான் அது சொன்னபடி கேட்டது.

வீட்டில் தம்பி கூடத்துத் தரையில் உட்கார்ந்து, நாளை போடப்போகும் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். அப்பா சேரில். டெலிவிஷன் ஓடவில்லை.

“கேப்டன் பேட்டியைப் பார்த்தியாக்கா?” என்றான் தம்பி. “‘இது எங்க அணியோட ஆட்ட முறை இல்ல’ன்னு சொல்லிட்டான். அதே வாய்தான் இடைவேளையில என் முதுகைத் தட்டி, அந்தக் குருவியைக் கொஞ்சம் கவனிச்சுடுன்னுச்சு. யாருக்கும் காதுல விழல. நாலு நாளாச்சு, டீம்ல ஒருத்தன் எனக்குப் போன் பண்ணல.”

“பஸ்ல உன் பக்கத்துல யாரு உட்காருவா?” என்று கேட்டாள் அக்கா.

“என்ன கேள்வி இது?”

“சும்மா சொல்லேன்.”

அவன் பிரஷ்ஷைக் கீழே வைத்தான். “யாரும் உட்கார மாட்டாங்க. கிட் பையை வெச்சுக்குவேன். காலை நீட்டிக்க வசதியா இருக்கும்.”

இத்தனை வருஷத்தில் அவள் இதைக் கேட்டதில்லை. கேலரியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாளே தவிர, அவன் வீடு திரும்பும் பஸ்ஸை நினைத்துப் பார்த்ததே இல்லை.

“குருவி இன்னைக்கு எங்க லேபுக்கு வந்தார்,” என்றாள். “அவருக்குப் பல் நான்தான் செய்யறேன்.”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “உன்னை அடையாளம் தெரிஞ்சுக்கிட்டானா?”

“இல்லப்பா. முகமூடி போட்டிருந்தேன்.”

“நல்லவேளை!”

அந்த ஒரு வார்த்தை அவளைக் கூசிப்போக வைத்தது. காலையிலிருந்து அவளும் இதையேதான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா வாயில் கேட்டபோதுதான் அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று தெரிந்தது.

“நீ மேல பார்த்ததை அவர் பார்த்திருக்காருடா,” என்றாள் தம்பியிடம். “அவன் யாரைப் பார்த்தான்னு என்கிட்டயே கேட்டார்.”

தம்பி ஷூவைக் கீழே வைத்தான். “நீ என்ன சொன்னே?”

“வாயை அசைக்காதீங்கன்னு சொன்னேன்.”

“அவன் சாமியைத்தானே மேல பார்ப்பான்?” என்றார் அப்பா. “என்ன பேசறீங்க ரெண்டு பேரும்?”

அவர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றாவது முறை பார்த்தபோது அவருக்கே ஏதோ புரிந்திருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைக்கத் தேவையில்லாததைத் துடைத்தார்.

“நான் உன்னைக் குத்தம் சொல்லலக்கா,” என்றான் தம்பி மெதுவாக. “நான்தான் அடிச்சேன். என் கைதான்.”

“நான் அன்னைக்குத் தலையாட்டாம இருந்திருந்தா அடிச்சிருப்பியா?”

அவன் ஷூவை மறுபடி எடுத்து, அதன் மூக்கைத் துணியால் துடைத்தான்.

“தெரியலக்கா. நீ தலையாட்டாம இருந்ததே இல்லையே.”

பேருந்தில் கேட்டதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பள்ளிக்கூட மைதானத்தில் அன்று ஒருமுறை தலையாட்டினாள், சரி. அதற்குப் பிறகு எத்தனை முறை? ஒருமுறையாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். தோன்றவே இல்லை. அவன் அடிக்கிறபோதெல்லாம், கேலரியோடு சேர்ந்து அவளுக்கும் உள்ளுக்குள் இனித்தது. அதுதான் உண்மை.

தம்பி இரண்டு ஷூவையும் ஜோடி சேர்த்து வைத்தான்.

“அக்கா, நாளைக்கு அந்தக் கீப்பர் விஷயத்தை மட்டும் சொல்லிடுவேல்ல?”

கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தபடியே தலையைத் தூக்கி மேலே பார்த்தான். அதே பார்வை. ஆயிரம் பேர் கத்தும் மைதானத்திலிருந்து அவளை மட்டும் தேடி வருகிற பார்வை.

அவள் கழுத்து தானாக முன்னால் வந்தது. இத்தனை வருஷப் பழக்கம், சும்மா விடுமா? பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிடித்து நிறுத்தினாள்.

தலை அசையவில்லை.

“காலையில ஒன்பது மணிக்கு அவர் பல் மாட்டிப் பார்க்க வர்றார்,” என்றாள். “நாளைக்கு நான் முகமூடி போடப்போறதில்ல. நீயும் என்கூட வர்றியான்னு நீயே முடிவு பண்ணு.”

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மகனைப் பார்த்தார்.

அவள் உள்ளே போய் விளக்கைப் போட்டாள். கூடத்தில் தம்பி அப்படியே உட்கார்ந்திருந்தான். அவள் நின்ற இடம் காலியாகிவிட்டது தெரியாதவன் போல, இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.